எதற்கும் ஓமென்னும் கிடங்கு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகத்து அக்கா யன்னலடியில் நின்று யாருடனோ போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஓம் அண்ணை, விளங்குது. ஆனால் வியாழனுக்கு முதல் தரேலாது. ஏனெண்டு கேட்டால்..." என்று சொல்லி நிறுத்துவார். மறுபக்கம் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டுவார். பிறகு அதே வசனத்தை முதலில் இருந்து தொடங்குவார். "ஏனெண்டு கேட்டால்" என்பதை ஒருதரம் பணிவாகச் சொன்னார், இன்னொருதரம் கறாராகச் சொன்னார். அவருடைய போன் மேசையில் சார்ஜில் கிடந்தது. காதில் வைத்திருந்தது ஒரு ஸ்ரேப்ளர்.

உடுவிலில் இருந்து புறப்படும்போது அம்மா, "உந்தக் கொம்பியூற்றர்காரர் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருப்பினம், நீ பேசாமல் உன்ரை வேலையைப் பார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் இவ்வளவு ஒரு மாதிரி இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா ஸ்ரேப்ளரை வைத்துவிட்டு உண்மையான போனை எடுத்து வாடிக்கையாளரை அழைத்தார். "வணக்கம் அண்ணை, வியாழனுக்கு முதல்..." என்று தொடங்கியதுமே அந்த மனிதர், அவசரமில்லை, வெள்ளிக்கிழமை தந்தாலும் காணும் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டார். இத்தனை ஆயத்தமும் வீணாய்ப் போனதில் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. சந்தோசப்பட வேண்டிய இடத்தில் கவலைப்பட்ட அந்த முகத்தோடுதான் அவர் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருகிறார்.

எதையும் ஒருமுறை பொய்யாகச் செய்து பார்த்த பிறகுதான் மெய்யாகச் செய்வார். அதுதான் அக்கா. நான் நேர்மாறு. கிணற்றின் ஆழம் பார்க்காமல் குதிக்கிற சாதி. எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு எதிர் எதிரே இருத்திய முதலாளிக்கு நல்ல பகிடிக்குணம் இருந்திருக்க வேண்டும்.

முதலாளியை நாங்கள் அண்ணை என்போம். அலுவலகம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில். கலியாணம், பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, செத்தவீடு என்று எது நடந்தாலும் படம் பிடித்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்புவது எங்கள் தொழில். குடும்பத்தில் பாதிப்பேர் பந்தலுக்குள் இருப்பார்கள். மீதிப்பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் கையில் போனோடு முழித்துக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம்.

அக்கா தொண்டைமானாற்றில் இருந்து வருவார். அவர் கதிரையில் ஒழுங்காக இருந்து நான் கண்டதில்லை. ஒரு முழங்காலைக் கதிரையில் ஊன்றி, நின்றபடியே தட்டெழுதுவார். கணினியில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடப்பார். தேத்தண்ணியை நடந்துகொண்டே குடிப்பார், பாதியை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஒருநாள் கீழே புடவைக் கடைக்காரர் படியேறி வந்து, "மேலை ஆர் பிள்ளையள் மாவிடிக்கிறது? என்ரை சீலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்" என்று கேட்டார். அக்கா மன்னிப்புக் கேட்டார். அதையும் நின்றபடி கேட்காமல் அவரைச் சுற்றி நடந்துகொண்டே கேட்டார். கடைக்காரருக்குத் தலை சுற்றியிருக்கும்.

அவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரை வீடியோக்கள் எல்லாம் ஹாட் டிஸ்குகளில் அலுமாரிக்குள் அடுக்கிக் கிடந்தன. ஒன்று விழுந்து நொறுங்கி, ஒரு கலியாணம் அப்படியே அழிந்துபோனது. பெண்ணின் மாமனார் கனடா ஸ்காபரோவில் இருந்து அண்ணையைப் பேசிய பேச்சில், எல்லாவற்றையும் கிளவுட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. எங்கேயோ தூர நாட்டில் இருக்கும் பெரிய கணினிக் கிடங்கில் இடம் வாடகைக்கு எடுத்து, அங்கே கோப்புகளைப் போட்டு வைப்பது. அதற்கான பக்கத்தை எழுதுவது அக்காவின் பொறுப்பு.

மெய்யான கிடங்கில் கை வைப்பதற்கு முன் பழகிப் பார்க்க எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. நம்முடைய கணினிக்குள்ளேயே இருந்துகொண்டு, அந்தப் பெரிய கிடங்குபோல நடிக்கும். கோப்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். வாடகை இல்லை. ஆனால் அக்கா அதை வைத்திருந்த முறையில், எல்லாம் கணினியின் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். கணினியை அணைத்தால் உள்ளே வைத்தது அவ்வளவும் போய்விடும். மறுநாள் கூட்டிவிட்ட முற்றம்போல வெறுமையாக இருக்கும். அக்காவுக்கு அதுதான் பிடித்தது. "காலமை வந்து பாத்தால் ஒரு பிழையும் மிஞ்சியிராது. இப்பிடி உலகத்திலை வேறை என்ன இருக்கு, சொல்லும் பாப்பம்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அந்தப் பொய்க் கிடங்கின்மேல் மரியாதை வரவில்லை. எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் கதவைத் திறந்துவிடும். நான் ஒருநாள் என் பூனையின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் திறந்தது.

"இது எதுக்கும் ஓமெண்டு சொல்லுதே அக்கா. மற்றது அப்பிடிச் சொல்லுமோ?"

"சொல்லாது. அது ஏன் எதுக்கெண்டு கேக்கும். அதாலைதான் இதிலை வடிவாப் பழகவேணும்."

"எவ்வளவு காலம் பழகிறது?"

"பயம் போகுமட்டும்," என்று சொல்லி நடக்கப் போய்விட்டார்.

பயம் போகவில்லை. அண்ணை கிழமைக்குக் கிழமை வந்து கேட்பார். "பிள்ளை, எப்ப மெய்க்கு மாறுறம்?" "வாற கிழமை அண்ணை. ஒரு சின்ன விசயம் பாக்கக் கிடக்கு." வாற கிழமை வந்தால் இன்னொரு சின்ன விசயம் வந்திருக்கும். இடையில் இணையம் அறுந்தால் என்ன நடக்கும், ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் என்ன நடக்கும், ஒருவர் ஏற்றும்போதே மற்றவர் அழித்தால் என்ன நடக்கும். நடக்கக்கூடிய விபத்தை எல்லாம் அந்தக் கணினிக்குள் தானே நடத்திப் பார்த்துவிடுவார். அண்ணை பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். அக்காவின் கெட்டித்தனத்தில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்.

வேலையில் மட்டும் என்றால் நானும் பொறுத்திருப்பேன். மனுசிக்கு வாழ்க்கையே அப்படி. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பாற்செம்பு எடுக்கிறதாக நேர்த்தி வைத்திருந்தார். அதற்கு முதல்நாள், அதே நேரத்தில், செம்பில் தண்ணீரை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்து கோயில் வாசல்வரை நடந்து பார்த்திருக்கிறார். எங்கே வெயில் சுடும், எங்கே கல்லுக் குத்தும் என்று பார்க்கவாம். வழியில் கண்டவர்கள் நேர்த்தி இன்றைக்குத்தான் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்களாம். "உங்கடை அம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன். "முருகனுக்கே ரெஸ்ற் வைக்கிறியோடி எண்டு பேசினவ" என்று சிரித்தார்.

பெண் பார்க்க வந்த கதை அதைவிட மோசம். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா என்னை மாப்பிள்ளையின் தாயாக்கிவிட்டார். நானும் விடவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்ன பிள்ளை, இந்த வயசுமட்டும் ஏன் முடிக்கேல்லை? கலியாணம் முடிச்சால் வேலையை விடுவீரோ?" என்று கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொல்லிப் பார்த்து, பிடிக்காததை மாற்றி, இன்னொருதரம் கேட்கச் சொல்லி என்னைக் களைக்கப் பண்ணிவிட்டார். திங்கட்கிழமை, "என்னவாம்?" என்றேன்.

"நாங்கள் பாத்து வைச்சதிலை ஒண்டையும் கேக்கேல்லை."

"பின்னை?"

"தாய்க்காரி வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, பிள்ளை ஏன் ஒரு இடத்திலை நிக்காமல் திரியுது எண்டு கேட்டவ. எனக்கு ஒரு மறுமொழியும் வரேல்லை."

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஆனால் அன்று பின்னேரம் அவர் யன்னலடியில் நின்று ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் போன பிறகு! எனக்குப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுப்ப வேண்டும்போலவும் இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அக்கா, எல்லாத்தையும் ஒத்திகை பாத்துக்கொண்டே இருந்தால் எப்பதான் மேடைக்கு ஏறுறது?"

அவருக்குக் கோபம் வந்ததை முதன்முதலாக அன்றுதான் கண்டேன். "மெய்யிலை பிழை நடந்தால் ஆர் திருப்பித் தாறது? நீர் தருவீரோ?" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து என் மேசையில் சாப்பிட ஒரு பணிஸ் வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் குணம் அவரைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒன்று உண்டு. ஏற்றும் பக்கத்தில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று பொய்க் கிடங்குக்குப் போகும், மற்றது மெய்க் கிடங்குக்குப் போகும். பொய்ப் பக்கத்தின் தலையில் 'சோதனை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. எங்கள் கமராக்கார அண்ணைதான் அதில் கோப்பு ஏற்றிப் பழகுகிறவர். அவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, உது சும்மாதானே என்று வெற்றுக் கோப்பு ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "சோதனையெண்டு தெரிஞ்சால் ஆக்கள் சோதனைக்குச் செய்யிற மாதிரித்தான் செய்வினம். அப்பிடிச் செய்து என்ன பிரயோசனம்?" என்று சொல்லி, அந்தச் சிவப்பு எழுத்தை எடுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. உலகத்தில் இப்படி ஒரு பிழையைச் செய்ய வேறு யாருக்கும் மனம் வராது. அவ்வளவு கவனம் இருந்தால்தான் அந்தப் பிழையைச் செய்ய முடியும்.

அது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம். கறண்ட் நேரத்துக்கு நேரம் போகும். ஜெனரேற்றர் மொட்டைமாடியில் இருந்தது, ஊற்றுவதற்கு டீசல் இல்லை. அக்காவின் கணினிக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் இருந்தது, அதன் பற்றறியும் கிழடு. கறண்ட் போனால் அது கத்தத் தொடங்கும். அது கத்தும் கொஞ்ச நேரத்துக்குள் கணினியை ஒழுங்காக மூடிவிட வேண்டும்.

வடமராட்சிப் பக்கம் ஒரு செத்தவீடு. இறந்தது ஒரு தாய். கடைசி மகன் பிரான்சில், ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. விசா அலுவல் முடியாததால் அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அதனால் அவருக்காக நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தோம். ஆனால் கறண்ட் இல்லாமல் அந்தப் பக்கத்துச் சிக்னல் கோபுரமும் படுத்துவிட்டது. அவர் கண்டது பந்தலின் ஒரு மூலையும், பிறகு சுற்றிக்கொண்டே நின்ற ஒரு வட்டமும்தான். முழு வீடியோவும் நாளைக்கு வந்து சேரும் தம்பி என்று அண்ணை அவருக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை கமராக்கார அண்ணை ஓட்டமும் நடையுமாக வந்தார். அவருக்கு அடுத்த வேலை ஒரு சாமத்தியவீடு. அக்கா கீழே போயிருந்தார். அக்காவின் கணினியில் பக்கம் ஒன்று திறந்து கிடந்தது. அவர் பழகிய பக்கம்தான். சிவப்பு எழுத்து இல்லாததால் மெய்க்கு மாறிவிட்டது என்று நினைத்து, செத்தவீட்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் பச்சை அடையாளம் விழுந்தது. பக்கம் தந்த இணைப்பை முதலாளி அண்ணையின் போனுக்கு அனுப்பிவிட்டு, மெமரிக்காட்டை அழித்துக் கமராவுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மேலே வந்தபோது கிடங்கு நிறையக் கோப்புகள் இருந்தன. அவருக்கு நல்ல சந்தோசம். பெரிய கோப்பாகக் கொண்டுவந்து பழகுங்கோ என்று அவர் எத்தனை தரம் கமராக்காரரிடம் கெஞ்சியிருப்பார்! கடைசியில் மனுசன் பழைய செத்தவீடு ஒன்றைக் கொண்டுவந்து பழகியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, அதில் மிகப் பெரிய துண்டைத் திறந்தார். ஒரு பெண் அழும் குரல் அறை முழுக்க வந்தது. அக்கா நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

மத்தியானம் கறண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. கணினியை மூட அக்கா கையை வைத்த அந்த நேரம் அண்ணை போனும் கையுமாக வந்தார்.

"பிள்ளை, பிரான்ஸ் தம்பி லைனிலை நிக்கிறார். காலமை அனுப்பின லிங் திறக்குதில்லையாம்."

"எந்த லிங்?"

அண்ணை போனைக் காட்டினார். அந்த முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கியது. இந்தக் கணினி என்பதுதான் அதற்கு அர்த்தம். வேறு எங்கிருந்தும் திறக்காது. அக்கா நெருப்பில் பட்டதுபோலக் கையை இழுத்தார்.

"அண்ணை, மெமரிக்காட் எங்கை? கமராக்காரரைக் கேளுங்கோ, கெதியா!"

நான் கமராக்காரரைப் போனில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரம் ஒலித்தது. "அதை அழிச்சிட்டன் பிள்ளை. பச்சை விழுந்ததெல்லோ! இப்ப அதிலைதான் இங்கை எடுத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார்.

ஆக, அந்தத் தாயின் செத்தவீடு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எதற்கும் ஓமென்று சொல்லும் அந்தக் கிடங்குக்குள், கத்திக்கொண்டிருந்த ஒரு கிழட்டுப் பற்றறியின் தயவில் இருந்தது. கணினி அணைந்தால் எல்லாம் போய்விடும். உள்ளே இருந்த டிஸ்கில் பிரதி எடுக்க இடமில்லை, அவ்வளவும் பழைய கலியாணங்கள். நான் அலுமாரியைத் திறந்து வெளி டிஸ்க் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து செருகினேன். அக்காவின் விரல்கள் தட்டத் தொடங்கின. எட்டிப் பார்த்தால், ஒரு சின்னக் கோப்பை உருவாக்கி அதை முதலில் பிரதி எடுத்துப் பார்க்கிறார்.

"அக்கா! இப்பவுமோ?" என்று கத்தினேன்.

சின்னக் கோப்பு போகவில்லை. டிஸ்கின் வயர் தளர்ந்திருந்தது. அக்கா அதைப் பிடுங்கி அழுத்திச் செருகினார். இப்போது போனது. அந்தச் சின்னக் கோப்புக்குச் செலவான நேரத்தைப் பற்றி அண்ணை பிறகு பலதரம் கதைத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் ஒன்றுமே மிஞ்சியிராது என்று நான் சொல்வேன். இரண்டு பேரும் சரியாக இருக்கலாம்.

முதலாவது துண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. யுபிஎஸ்ஸின் கத்தல் நெருங்கி நெருங்கி வந்தது. அண்ணை போனில், "வருது தம்பி, வருது" என்று தாலாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எல்லாம் வராது," என்றார் அக்கா. "எது முக்கியமெண்டு கேளுங்கோ."

அண்ணை போனைப் பொத்தினார். "செத்தவீட்டிலை எது முக்கியமெண்டு என்னண்டு கேக்கிறது?"

நான் போனைப் பறித்துச் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். அக்கா திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே, "தம்பி, வீடியோவிலை ஒரு துண்டுதான் தரலாம் எண்டால் உங்களுக்கு எது வேணும்? யோசிக்காமல் சொல்லுங்கோ" என்று கேட்டார்.

அங்கே சட்டி பானை உருளும் சத்தம். பிறகு குரல் வந்தது. "பெட்டி மூட முதல், பெரியம்மா என்ரை பேரைச் சொல்லி அழுதவவாம். ஊரே அழுததாம். என்ரை அக்கா சொன்னவ. அது ஒண்டே எனக்குக் காணும்."

எது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. காலையில் திறந்து பார்த்த அதே பெரிய துண்டு. முதலாவது முடிந்ததும் அதைத் தொடக்கினார். திரையில் ஒரு பச்சைக் கோடு வலப்பக்கம் ஊர்ந்தது. பாதி தாண்டியது. அண்ணை சந்நிதியானைக் கூப்பிட்டார். நான் டிஸ்கின் வயரை, அசையக்கூடாது என்று, கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோடு முடிவதற்குக் கொஞ்சம் இருக்கும்போது யுபிஎஸ் ஒரே மூச்சாகக் கத்தியது. திரை கறுத்தது.

என்னுடைய மடிக்கணினியில் டிஸ்கைக் கொழுவிப் பார்த்தோம். முதலாவது துண்டு திறந்தது. ஒழுங்கையில் சைக்கிள்கள், பிளாஸ்ரிக் கதிரைகள், பெற்றோலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வரும் ஆட்கள். மற்றது குறையில் அறுந்தபடியால் எந்த வழியிலும் திறக்கவில்லை.

"சேர்வர் பிரச்சினை எண்டு சொல்லும்," என்று அண்ணை கிசுகிசுத்தார். "பிறகு யோசிப்பம்."

அக்கா மேசையில் இருந்த போனைக் கையில் எடுத்தார்.

"தம்பி, உந்தக் கோப்புகளுக்குப் பொறுப்பு நான். என்ரை பிழையாலை வீடியோ அழிஞ்சு போட்டுது. ஆக்கள் வாற துண்டு மட்டும் இருக்கு. நீங்கள் கேட்டது இல்லை."

"திருப்பி எடுக்கேலாதோ?"

"ஏலாது தம்பி."

அங்கே யாரோ அவரைப் பிரெஞ்சில் கூப்பிடுவது கேட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எங்களுக்கு நல்லது.

"நீங்கள் பாத்தனீங்களோ, அக்கா?"

"காலமை கொஞ்சம் பாத்தனான்."

"பெரியம்மா என்ன சொன்னவ?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா வாயைத் திறந்தார். வந்தது கதைக்கிற குரல் அல்ல. அடிவயிற்றில் இருந்து இழுத்து எடுத்த குரல்.

"என்ரை தங்கச்சீ... வாசலைப் பாத்துப் பாத்துக் கிடந்தியேயடி... அவன் வரமாட்டானெண்டு உனக்கு ஆரடி வந்து சொன்னது..."

பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார். அதுவரை அந்தத் தம்பியின் பெயர் எனக்குத் தெரியாது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"...என்ரை ராசா, நீ அங்கை தனிய நிண்டு அழுவியேடா... உன்னை ஆரடா பிடிக்கிறது..."

இடையில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தைச் சரிப்படுத்தாமல் அப்படியே விட்டுவிட்டு மேலே போனார். கீழே புடவைக் கடையில் ஆட்கள் கதைப்பது நின்றுவிட்டது. யாரோ படியில் பாதிவரை ஏறி வந்து நிற்பது தெரிந்தது. பிறகு அக்காவும் நிறுத்தினார்.

"பிறகு?" என்றது போன்.

"பிறகு நான் நிப்பாட்டிட்டன் தம்பி. ஓடுதோ எண்டு பாக்கத்தான் போட்டனான்."

"வேறையும் சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பா."

"அதையும் சொல்லுங்கோவன், அக்கா."

நான் என்றால் சொல்லியிருப்பேன். செத்தவீட்டில் என்ன சொல்லி அழுவார்கள் என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? இன்னும் நாலு வசனம் சேர்த்திருந்தால் யாருக்கும் தெரியவராது, அந்தப் பிள்ளைக்கும் ஆறுதல். சொல்லு சொல்லு என்று அண்ணை கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

"எனக்குத் தெரியாது தம்பி," என்றார் அக்கா. "அவ சொல்லாததை நான் சொல்லமாட்டன்."

போனில், பெரியம்மா விட்ட இடத்தில் இருந்து, அந்தத் தம்பியே அழத் தொடங்கினார்.

"எணை அம்மா... வாசலைப் பாக்காதையணை... நான் வரமாட்டன்..."

அக்கா போனை வைக்கவில்லை. தம்பி அழுது முடியும்வரை ஒரே இடத்தில் கேட்டுக்கொண்டு நின்றார்.